ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

“பயிற்சியாளர்: பாப்பாத்தி, வயது 52. காவல் நாய்களைக் கையாள்வதில் தேர்ந்தவர். மோப்பம், துரத்தல், தாக்குதல், அந்நியர் தரும் உணவை மறுத்தல் ஆகிய நான்கிலும் நாய்க்குத் தொடர்ந்து பயிற்சி அளித்து வருபவர்.”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கிற ஒரு மக்காச்சோளக் கிடங்கின் காப்பீட்டுக் கோப்பில் இப்படி எழுதியிருக்கிறது. இதில் பெயர் சரி. வயதும் ஏறக்குறைய சரி. மற்றபடி பாப்பாத்தி அந்தக் கிடங்கில் சேர்ந்தது, லாரியிலிருந்து சிந்துகிற சோளத்தைக் கூட்டி அள்ள. நாய்க்கென்று திருச்சிக் காவல் நிறுவனம் தொப்பியும் விசிலுமாக ஓர் ஆளை அனுப்பித்தான் வைத்தது. மூன்றாம் மாதம் அவர் தொப்பியை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு மறைந்துவிட்டார். கோப்பில் ஒரு கட்டம் காலியாகிவிட்டது. பயிற்சியாளர் இல்லாத நாய் காப்பீட்டுக்காரர்கள் கண்ணில் நாயே இல்லை.

“நாய்க்கு யாரு சோறு வைக்கிறது?” என்று கேட்டார் சூப்பர்வைசர் செல்லப்பன்.

“நாந்தாங்க.”

“அப்ப நீதான் ட்ரெயினரு.”

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நடந்த நேர்முகத் தேர்வு இவ்வளவுதான்.

நாயின் பெயர் கமாண்டோ. அல்சேஷன். கோப்பில் டி-07. கற்றுக்கொண்ட நான்கில் மூன்றை அது முதல் வருடத்திலேயே மறந்தது. மோப்பம் பிடித்தால் தும்மியது. துரத்தச் சொன்னால் உட்கார்ந்தது. நான்காவது மட்டும் எலும்பில் ஊறிவிட்டது. திருடன் விஷம் வைத்துவிடக் கூடாது என்பதற்காகக் காவல் நாயைப் பிறர் கையால் தின்னாமல் பழக்குவார்கள். கமாண்டோ பாப்பாத்தி கையைத் தவிர வேறு எந்தக் கையிலிருந்தும் ஒரு பருக்கை தொடாது. ஒருமுறை அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திருமழபாடி போய் இரண்டு நாள் தங்கிவிட்டாள். செல்லப்பன் பிரியாணியே வாங்கிப் போட்டிருக்கிறார். நாய் அதைத் தன் எதிரே வைத்துக்கொண்டு இரண்டு நாளும் கேட்டைப் பார்த்தபடி படுத்திருந்தது. பிரியாணியில் எறும்பு ஏறியதுதான் மிச்சம்.

அதோடு பாப்பாத்தியின் லீவு முடிந்தது. ஆயுதம் ஏந்திய சிறைக் காவலர்கூட ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார். இங்கே காவல் காத்தது நாயின் பசி. கேட்டுக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து அறை, வாசலில் ஒரு குழாய், எட்டடி உயரச் சுற்றுச்சுவர். கிடங்குக்குள் திருடன் நுழையாமல் இருக்கக் கட்டிய சுவர் அந்த ஒன்பது வருடத்தில் தடுத்து வைத்தது ஒரே ஒருவரைத்தான்.

கமாண்டோவுக்குப் பத்து வயது முடிந்த அன்று பாப்பாத்தி அதை வாடா போடா என்பதை நிறுத்திவிட்டாள். நாய்க் கணக்கில் அது அவளைவிட மூத்ததாகிவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து “பெரியவரே”தான்.

போன ஐப்பசி மழையில் பெரியவரால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்கால் இரண்டும் ஊன்றி நிமிர்ந்துவிடும். பின்பக்கம் கூட வராது. சிமெண்டுத் தரையில் பாதங்கள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். பாப்பாத்தி சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். புறப்படுவதற்கு முன் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்திருந்தாள். முப்பத்தொன்பது கிலோ.

டாக்டர் சிவரஞ்சனி இடுப்பை அமுக்கிப் பார்த்தார். நாய் திரும்பிப் பார்த்ததே தவிர உறுமவில்லை.

“இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கும்மா. பழையபடி ஆக்க முடியாது. வலியைக் குறைச்சு நடக்க வைக்கலாம். மொத வேலை, ஆறு கிலோ குறைக்கணும்.”

“அதுவே பாதி நேரம் திங்காதுங்க டாக்டரம்மா.”

“மிச்சப் பாதி நேரம் நீங்க என்ன போடுறீங்க?”

பாப்பாத்தி சோளமாவுக் களியும் கோழித்தோலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மூட்டுக்கான சத்து மாத்திரை எழுதினார். குருத்தெலும்புக்கான சத்தும் ஏதோ கடல் சிப்பியில் எடுத்ததும் சேர்ந்தது என்றார். கூடவே மீன் எண்ணெய். “இது வலி மாத்திரை இல்ல. போட்டதும் ஓடும்னு எதிர்பாக்காதீங்க. ஆறேழு வாரம் ஆவும். சில நாய்க்கு நல்லாக் கேக்கும், சிலதுக்கு அவ்வளவாக் கேக்காது. ரொம்ப முடியாத அன்னிக்கு மட்டும் போட நாய்க்கான வலி மாத்திரை தனியாத் தரேன். நீங்க போட்டுக்கிற மாத்திரையை உடைச்சுப் போட்டுடாதீங்க, குடலும் கிட்னியும் போயிடும். வழுக்காத தரையில படுக்க வைங்க. ஒரேயடியா நடத்தாம நாலு தடவை கொஞ்சம் கொஞ்சமா நடத்துங்க. காலையில எந்திரிக்கிறப்ப விறைப்பா இருக்கும், வெந்நி ஒத்தடம் குடுத்து பத்து நிமிஷம் மெதுவா நடத்தினா விட்டுரும்.”

“ஒரு நாளு மாத்திரை மறந்துட்டா?”

“ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. மறுநாள் குடுங்க.”

பாப்பாத்தி கொஞ்சம் தயங்கினாள். “எனக்குங்கூட முட்டி வலிக்குதுங்க. அதுல ஒண்ணு போட்டுக்கலாமா?”

“நீங்க பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா.”

கோழி ஈரல் துண்டைப் பிளந்து, உள்ளே மாத்திரையை வைத்து, மூடி, உருட்டிக் கொடுத்தாள். சாக்கு நாலை மடித்துத் தைத்துப் படுக்கை போட்டாள். களி பாதியானது, பூசணிக்காய் வந்தது. பெரியவர் பூசணிக்காயைப் பார்த்த பார்வையில் ஒன்பது வருட விசுவாசம் ஒரு நிமிடம் ஆடிப்போயிற்று. கார்த்திகை முடிவதற்குள் தராசு முப்பத்தைந்து காட்டியது. ஒருநாள் மத்தியானம் லாரி வந்தபோது நாய் தானாக எழுந்து கேட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியது. பாப்பாத்தி துடைப்பத்தைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாய் இன்னும் மூன்று வருடம் இருக்கும் என்று தோன்றியது. அப்படியானால் தானும் இன்னும் மூன்று வருடம் இங்கேதான் என்பது அடுத்தபடியாகத் தோன்றியது.

சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் தங்கை ஜெயசுதா போன் செய்தாள். பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் அவள் சமையல் வேலை பார்த்தாள்.

“அக்கா, இங்க ஒரு ஆளு நின்னுட்டாங்க. வார்டன்கிட்ட ஒன்னையச் சொல்லிட்டேன். பொங்கலு முடிஞ்சு தொறக்கறப்ப வந்துடணும். ஞாயித்துக்கிழமை லீவு.”

“ஞாயித்துக்கிழமை பூராவுமா?”

“பின்ன, அரை நாளா குடுப்பாங்க? காலையில எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் ஒன் நாளுதான்.”

“நாயி இருக்கேடி.”

“நாயிக்குத் தாலி கட்டியா இருக்க நீ?”

பாப்பாத்தி போனை வைத்துவிட்டுச் செல்லப்பனிடம் போனாள். மார்கழிக் கடைசியில் நிறுவனத்திலிருந்து சோதனைக்கு வருவார்கள். நாய் சுற்றுச்சுவரை ஒரு சுற்று நடந்து காட்ட வேண்டும். நடக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள்.

“பணிநீக்கம். வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும். பண்ணையில விடுவாங்களாம்.”

“எந்தப் பண்ணைங்க?”

“அத யாரு கேட்டா?”

“அங்க அதுக்கு யாரு சோறு வைப்பாங்க?”

செல்லப்பன் பேனாவை மூடினார். “எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டா எப்படி?”

ஆக விஷயம் இவ்வளவுதான்: பாப்பாத்தி நாயை விட்டுவிட்டுப் போனால் அது அவள் செய்தது. நாய் நடக்க முடியாமல் போனால் அது நாய்க்கு நேர்ந்தது. இரண்டிலும் நாய் பட்டினிதான். ஆனால் இரண்டாவதில் அவள் கையில் அழுக்கு ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒட்டும். இதற்காக அவள் ஒரு துரும்பையும் எடுத்துப் போட வேண்டியதில்லை. காலை ஒத்தடத்தை ஒரே ஒரு நாள் மறந்தால் போதும்.

சோதனை நாளன்று பனி சுவரேறி உட்கார்ந்திருந்தது. ஏழரை மணிக்குச் செல்லப்பன் ஓடி வந்தார்.

“திருச்சி ஆபீசரு ஆண்ட்ரூஸ் சாரு டோல்கேட் தாண்டிட்டாராம். எங்க, நாயி படுத்தே கெடக்கு?”

“பனிங்க.”

“பனிங்கறே! எழுப்பு!” என்று சொல்லிவிட்டு அவர் ரெஜிஸ்டர் எடுக்க ஓடினார்.

பாப்பாத்தி கூட்டினாள். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினாள். மூன்றாம் தடவை கூட்ட அங்கே ஒரு சோளமணிகூட இல்லை. சாக்கின் மேல் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒத்தடத் துணி வரும் நேரம் அதற்குத் தெரியும். துணி வராததால் தானே எழப் பார்த்தது. முன்பக்கம் எழுந்தது. பின்பக்கம் மறுத்தது. மெல்லத் திரும்பவும் உட்கார்ந்து, தான் எழ முயன்றதை யாரும் பார்க்கவில்லை என்பதுபோல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

“கண்றாவி” என்றாள் பாப்பாத்தி. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

“எந்திரிங்க பெரியவரே. ஆபீசரு வராராம்.”

ஆண்ட்ரூஸ் சார் வந்தபோது கமாண்டோ நின்றுகொண்டிருந்தது. அவர் ஆங்கிலத்தில் மூன்று கட்டளை போட்டார். நாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றது. பாப்பாத்தி, “நடங்க, ஒரு சுத்து போயிட்டு வந்துடுவோம்” என்றாள். நாய் நடந்தது. மூலை திரும்பும்போது கொஞ்சம் இழுத்தது; பாப்பாத்தியும் முட்டி வலியில் இழுத்ததால் இரண்டும் ஒரே தாளத்தில் போக, பயிற்சி போலவே இருந்தது.

ஆண்ட்ரூஸ் சார் கோப்பைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். “பதினோரு வயசுன்னு போட்டிருக்கு. எப்படிம்மா இது?”

பாப்பாத்தி மாத்திரை, மீன் எண்ணெய், பூசணிக்காய், வெந்நீர் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் அவளிடம் ஒன்பது வருடமாக எதையும் கேட்டதில்லை. கேட்டதும் வாய் நிற்கவில்லை.

“இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. நம்ம அரியலூர் சுண்ணாம்புக்கல் யார்டுல ஒண்ணு படுத்துக் கெடக்கு. ஆளும் வேலைய விட்டுட்டான். அதையும் இங்க அனுப்பிடுறேன். ட்ரெயினருன்னா நீங்கதான் ட்ரெயினரு.”

அன்று சாயங்காலம் ஜெயசுதா போனில் திட்டியதை இங்கே எழுத முடியாது. முடிவில், “நீயே போயி சங்கிலிய மாட்டிக்கிட்டே” என்றாள். ஹாஸ்டல் வேலைக்கு வேறு ஆள் போட்டார்கள்.

பொங்கல் கழித்து வேன் வந்தது. டி-04, பெயர் மேஜர். பதவியில் கமாண்டோவுக்கு மேல். வேனிலிருந்து இறங்க முடியாமல் நின்றது. பாப்பாத்தி தூக்கி இறக்கினாள். விலா எலும்பு எண்ணலாம் போலிருந்தது. ஈரல் உருண்டையை நீட்டினாள். மேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் அதே பயிற்சி. அதற்கு அவள் அந்நியர்.

மறுநாளிலிருந்து பாப்பாத்தி தன் சாப்பாட்டை மேஜர் பக்கத்தில் முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள். இடது கையைப் பின்னால் தரையில் மலர்த்தி வைத்து, அதில் ஓர் உருண்டை. திரும்பிப் பார்க்க மாட்டாள், கூப்பிட மாட்டாள். நாலாம் நாள் உள்ளங்கையில் ஈரமாக மூச்சு பட்டது. உருண்டை போயிற்று.

“அடப்பாவி, கத்துக்குதுல்ல” என்று பாப்பாத்தி வாய்விட்டுச் சொன்னாள். ஒன்பது வருடமாகத் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. நேரே செல்லப்பனிடம் போனாள்.

“சூப்பர்வைசரு, நீங்க நாளையிலேருந்து மத்தியானச் சோத்த பெரியவரு பக்கத்துல ஒக்காந்து சாப்புடுறீங்க.”

“என்னையக் கடிச்சு வச்சா?”

“அதுக்குப் பல்லு வேணுமில்ல.”

“இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிஞ்சா? அடுத்தவன் கையால திங்கக் கூடாதுங்கறதுதானே ட்ரெயினிங்கே?”

“ட்ரெயினரு நான் சொல்றேன். ஒக்காருங்க.”

செல்லப்பன் பதினெட்டு நாள் நாய்க்கு முதுகு காட்டித் தயிர்சாதம் சாப்பிட்டார். பத்தொன்பதாம் நாள் அவர் போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். கடி இல்லை, நாய் அவர் கையை நக்கி உருண்டையைத் தின்றிருந்தது. அதற்குள் மேஜரும் அவர் கைக்குப் பழகியிருந்தது.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை பாப்பாத்தி குன்னத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். கோழிக்குழம்பு சாப்பிட்டாள். மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தாள். கண் அசந்த நேரம் போன் அடித்தது.

“சோறு பூரா தின்னுடுச்சு” என்றார் செல்லப்பன். குரலில் பெருமை. “ரெண்டும் தின்னுடுச்சு. மேஜரு மாத்திரையோட முழுங்கிட்டாரு. பெரியவரு மட்டும் ஈரலைத் தின்னுட்டு மாத்திரையத் தட்டு ஓரத்துல நக்கிச் சுத்தமா வச்சிருக்காரு. ஏழு தடவ குடுத்துப் பாத்துட்டேன்.”

“ஒரு நாளு மாத்திரை இல்லன்னா ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காங்கன்னியே” என்றாள் ஜெயசுதா, படுத்தபடியே. “இன்னும் பாதி நாளு இருக்குக்கா. ஒன் நாளு.”

“ஆமா, சொன்னாங்க” என்றாள் பாப்பாத்தி.

நாலு மணி பஸ்ஸில் ஏறி, கிடங்குக்குத் திரும்பி வந்து, மாத்திரையைக் கொடுத்தாள்.