உப்புக் குவியலைக் கட்டிய கயிறு

அன்றைக்கு அந்தக் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் இருந்தவர்கள் ஐந்து பேர். மரத்தின் மேல் என் மாமா, அம்மாவுக்கு நேர் தம்பி. கீழே கிளைகளை இழுத்துப் போட அத்தை. உப்பளத்தில் மாமாவோடு வேலை செய்யும் இரண்டு ஆட்கள். நிழல் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மண்டபத்துக்காரர். இல்லாதவன் நான். நான் இல்லாததால் தலைக்கவசம் இல்லை, இடுப்பு பெல்ட் இல்லை, இரண்டாவது கயிறு இல்லை. ஒரே ஒரு கயிறு இருந்தது. மஞ்சள் நைலான் கயிறு, கட்டைவிரல் பருமன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மரக்காணத்தில் மழை பிடித்துக்கொண்டால் உப்பளத்தில் கூலி நின்றுவிடும். பாத்திகள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு முன்பே உப்பை மேடாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு, கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிவிட்டு ஆட்கள் கிடைத்த வேலைக்குப் போவார்கள். மாமா மரம் வெட்டப் போவார். புயலடித்த மறுநாள் அனுமந்தையிலிருந்துகூட அவரைத் தேடி ஆள் வரும். வெட்டுக்கத்தி ஒன்று, வாடகைக்கு எடுத்த மிஷின் ரம்பம் ஒன்று, அவ்வளவுதான் அவர் சாமான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியைத் தாண்டி கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். பட்டம் வாங்கிவிட்டு இடையஞ்சாவடியில் மரப் பராமரிப்புக் குழு ஒன்றில் சேர்ந்தேன். பெல்ட் மாட்டி, கயிற்றில் தொங்கி, நோய்வாய்ப்பட்ட கிளையையும் வீட்டின்மேல் சாய்ந்த கிளையையும் இறக்குகிற வேலை. சேர்ந்த புதிதில் மாமா தெருவே கேட்கச் சிரித்தார். "ஏம்பா, பதினஞ்சு வருசம் படிச்சிட்டு மரம் ஏறுறியா? நான் ஒரு வருசம்கூட படிக்காமலே ஏறிட்டேனே!" எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் கேலியில் விஷம் இருக்காது.

கிளியனூர் போகிற சாலையில் இருக்கும் அந்த மண்டபத்துக்கு முதலில் போனவன் நான்தான். பின்பக்கம் பெரிய தூங்குமூஞ்சி மரம். புயலில் அதன் தடித்த கிளை ஒன்று கவட்டையில் விரிசல் விட்டு, பந்தி நடக்கும் தகரக் கூரைக்கு நேர் மேலே நின்றது. மரத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். அடியில் காளான் இருக்கிறதா, வேர் தூக்கியிருக்கிறதா, விரிசல் எவ்வளவு ஆழம், கிளையை எந்தப் பக்கம் இறக்கலாம் என்று பார்க்கவே ஒரு மணி நேரம் ஆனது. நான்கு ஆள், இரண்டு நாள், பதினெட்டாயிரம் ரூபாய் என்றேன்.

"மரம் வெட்டத்தானே தம்பி கூப்ட்டேன்? ஆபரேசனா பண்ணப் போற?" என்றார் மண்டபத்துக்காரர். கிளையைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரை போய்விடும், மேலே இருக்கிறவன் உயிரும் போய்விடும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒவ்வொரு ஆபத்தையும் என் வாயாலேயே கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டி, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகுதான் மாமாவைக் கூப்பிட்டார்.

வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா போன் செய்தார். "டேய், அந்த பெல்ட்டும் கயிறும் ஒரு நாளைக்குக் குடுடா. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கொணாந்து போட்டுர்றேன்."

"எந்த மரத்துக்கு மாமா?"

"கிளியனூர் ரோட்டு மண்டபம்டா. கிளை கொஞ்சம் பயமா இருக்குது. அதான் உன்னுதைக் கேக்கறேன்."

"எவ்ளோ பேசியிருக்க?"

"ஏழாயிரம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "பழகாதவங்களுக்கு அதெல்லாம் குடுக்கக் கூடாது மாமா. எங்க ரூல்ஸ்" என்றேன்.

மாமா சிரித்தார். "சரிங்க சார். நீங்க டிகிரி மரம் ஏறுங்க. நாங்க சும்மா மரம் ஏறிக்கிறோம்."

விதி சரியான விதிதான். பெல்ட்டைத் தப்பாக மாட்டினால் அதுவே ஆளைக் கொல்லும். ஆனால் அன்றைக்கு நான் விதிக்காக அதைச் சொல்லவில்லை. என் வேலையைப் பாதி விலைக்கும் குறைவாகப் பேசிப் பறித்துக்கொண்டாரே என்ற ஆத்திரத்தில் சொன்னேன். விதியை நினைத்திருந்தால், "பெல்ட் தர முடியாது, நானே வர்றேன்" என்று சொல்லியிருப்பேன். மறுநாள் எனக்கு விடுமுறை. எங்கள் ஊர் ஆட்கள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கவலைப்பட்டார். பயமாக இருக்கிறது என்று தன் வாயால் சொன்னார். இல்லையென்று சொன்னவன் படித்தவன்.

அதனால் அவர் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கைக்குக் கிடைத்த கயிற்றை எடுத்தார். போன வருஷம் உப்புக் குவியலைக் கட்டியிருந்த கயிறு. அத்தை காலையிலேயே கேட்டிருக்கிறாள், இது தாங்குமா என்று. "அடிச்ச புயல்ல தார்ப்பாயையே வுடாம புடிச்சிக்கினு நின்ன கயிறுடி இது. என்னை வுட்ருமா?" என்றாராம். உப்பளத்து ஆள் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். எத்தனையோ டன் உப்பின்மேல் கிடந்த கயிறு ஒரு மனுஷனைத் தாங்காதா என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கயிறு உப்பின் எடையைச் சுமக்கவே இல்லை, தார்ப்பாய் பறக்காமல் மேலே கிடந்தது, அவ்வளவுதான். வெயிலில் மாதக்கணக்காகக் காய்ந்தது. உப்புத் தண்ணீர் புரிகளுக்குள் இறங்கி, காய்ந்து, பரல் பரலாக உட்கார்ந்தது. இழுக்கும்போதெல்லாம் அந்தப் பரல்கள் உள்ளே இழைகளை அரம் மாதிரி ராவின. வெளியே கட்டைவிரல் பருமன், உள்ளே பொடி. மரமேறுகிற கயிற்றை நாங்கள் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவோம். ஏறுவதற்கு முன் முழு நீளத்தையும் விரலுக்கிடையில் விட்டு, மடக்கி மடக்கிப் பார்ப்போம். கடினமாகவோ, நொறுங்குகிற மாதிரியோ ஓரிடம் தட்டுப்பட்டால் அந்தக் கயிறு அன்றோடு சரி. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். போனிலேயே சொல்லியிருக்கலாம்.

நடந்ததை அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா கிளை தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டு மேலிருந்து ஒரே வெட்டாக ரம்பத்தை இறக்கியிருக்கிறார். தடித்த கிளையை அப்படி வெட்டக் கூடாது. முதலில் அடிப்பக்கம் கால்வாசி அறுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். மிச்சமிருக்கும் குட்டைத் துண்டைக் கடைசியில் எடுக்க வேண்டும். அடிவெட்டு இல்லாததால் கிளை பாதியில் பிளந்து, பட்டையை உரித்துக்கொண்டு கீழ்நோக்கி மடங்கி, அதன் அடிப்பக்கம் அவர் காலைத் தட்டிவிட்டது. ரம்பம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கயிறு இழுத்துப் பிடித்தது. "புடிச்சிக்கிச்சினு நெனச்சேன்டா. சாமி கும்புட கைய தூக்கினேன். டப்புனு ஒரு சத்தம்" என்றாள் அத்தை. மரத்தில் கட்டிய முடிச்சுக்கு ஒரு முழம் தள்ளி அறுந்திருந்தது.

இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. அரசு ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். இனி உப்பு வார முடியாது. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை அது. மண்டபத்துக்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். "பாதி வேலைதானேம்மா முடிஞ்சுது" என்று அத்தை கையில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வைத்தார். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன். அவரை அடிக்கக் கை வந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்து, "வுட்றா, நான்தானே பேசினேன்" என்றார். பெல்ட் கொடுக்காததைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. நன்றாகத் திட்டியிருக்கலாம். திட்டாமல் இருக்கிறாரே என்று அவர்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு மாதம் கழித்து மண்டபத்திலிருந்து போன். தை முகூர்த்தங்கள் வந்துவிட்டன, கிளை பாதி அறுந்து தொங்குகிறது, வேறு யாரும் ஏறப் பயப்படுகிறார்கள். "அதே ரேட்டு தானே தம்பி?" என்றார். போகவே கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறவர்கள் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. நான்கு பேரோடு போனேன். பெல்ட், தலைக்கவசம், இரண்டு கயிறு. மேலே ஏறியபோது ஒரு கவட்டையில் மாமா போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அழகான, இறுக்கமான முடிச்சு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதிலிருந்து ஒரு முழ மஞ்சள் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதை அவிழ்த்து எடுத்து வந்தேன். எங்கள் குழுவின் அறையில் நல்ல கயிறுகள் வரிசையாகத் தொங்கும் சுவரில் அதையும் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிற யாரானாலும் முதலில் அதை எடுத்து மடக்கிப் பார்க்கச் சொல்கிறேன். மடக்கினால் மஞ்சள் தூளும் வெள்ளைத் தூளும் உள்ளங்கையில் உதிரும். நாக்கில் வைத்தால் கரிக்கும்.

கிளை இரண்டு நாளில் பத்திரமாக இறங்கியது. கூரையில் ஒரு கீறல் இல்லை. மண்டபத்துக்காரர் எச்சில் தொட்டு எண்ணி, முதல் நாள் நான் சொன்ன பதினெட்டாயிரத்தையும் கொடுத்தார். பேரமே பேசவில்லை. ஆக அந்த மரத்தால் அவருக்கு ஆன மொத்தச் செலவு, மாமாவின் இடுப்பையும் சேர்த்து, இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.