நாலு காயில், நாலு ஓம்ஸ்

பெம்பான் ஊரில் தண்டபாணியின் காரில் ஆம்ப்ளிஃபயர் கருகிப்போயிருந்தது. புதியதை மாட்டித் தர, மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தங்கை வாசுகி வந்தாள்.

"ரெண்டு ஸ்பீக்கர், ஒண்ணுக்கு ரெண்டு கம்பிச் சுருள், மொத்தம் நாலு காயில். ஒவ்வொண்ணும் நாலு ஓம்ஸ் தடை. எல்லாத்தையும் பக்கம்பக்கமாக் கட்டுனா ஒரு ஓம்ஸ்தாண்ணே. நாலுக்குக் கீழ போனா கரண்டை அதிகமா இழுத்து இந்தப் புதுசும் செத்துரும்லா."

ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரண்டு காயிலையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து எட்டாக்கினாள். அந்த இரண்டு எட்டையும் பக்கம்பக்கமாக இணைத்தாள். மீட்டர் முள் நாலை ஒட்டி நின்றது. நான்கும் சேர்ந்து மறுபடி ஒன்றின் அளவுக்கே வந்துவிட்டதைத் தண்டபாணியால் நம்ப முடியவில்லை.

மஸ்ஜித் தானா ஊர் வரை கார்க் கண்ணாடி அதிரப் பாட்டு ஓடியது. இறங்கியதும் அவன் பயந்து பயந்து ஆம்ப்ளிஃபயர்மேல் கை வைத்தான். வெயிலில் காய்ந்த கார்க் கதவுதான் அதைவிடச் சுட்டது.

"என்னண்ணே, சாமி கும்புடுறீங்களா?"

வைத்த கையை அவன் எடுக்கவேயில்லை.