கல்யாண ஒயரில் வந்த ஜனாஸா

அத்தா மக்காவில் இறந்துபோன சேதி லெப்பைக்குடிகாட்டுக்கு விடியற்காலையில் வந்தது. பதினொரு மணிக்கு நான் கம்ப்யூட்டரின் பின்பக்கம் தலையை நுழைத்து, ஒயரின் மஞ்சள் முனையை எதில் செருகுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை இன்றைக்குச் செய்கிற வேலையா இது என்று யாராவது கேட்டிருக்கலாம். அழுகை வரவில்லை. உடம்பில் ஊசி போட்டு மரத்த இடம் மாதிரி இருந்தது நெஞ்சு. கைக்கு ஒரு வேலை கிடைத்தது, செய்தேன்.

அத்தாவுக்கு அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. அவரோடு ஒரே அறையில் இருந்த ஊர்க்காரர்தான் போன் செய்தவர். "அத்தா மையத்தை இங்கயே அடக்கிடுவாங்க தம்பி. லுஹர் தொழுக முடிஞ்சதும் ஹரம் பள்ளிவாசல்ல ஜனாஸா தொழ வைப்பாங்க. நெட்டுல நேரடியா காட்டறாங்களாம், முடிஞ்சா பாருங்க." அங்கே லுஹர், அதாவது நண்பகல் தொழுகை, என்றால் நமக்கு ஏறக்குறைய மூன்று மணி. அவர் போகிறபோக்கில் சொன்னதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மொகத்தப் பாக்கத்தான் குடுத்து வைக்கல. தொழ வைக்கிறதையாவது பாத்துடறேன்டா."

கம்ப்யூட்டர் இருந்தது முன்ஹாலில். போன் இணைப்பும் பிராட்பேண்ட் பெட்டியும் அங்கேதான். ஹால் நிறைய துக்கம் கேட்க வந்த ஆண்கள். அம்மாவோ இத்தாவில் உட்கார்ந்தாயிற்று. நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. துக்கத்துக்கு வந்தவர்களை எழுந்து போங்கள் என்று சொல்லவா முடியும்? அம்மா இருந்த உள்ளறையில் டி.வி. இருந்தது. கம்ப்யூட்டர் படத்தை அந்த டி.வி.க்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒயருக்கு வழி சொன்னவர் சாச்சா, அத்தாவின் தம்பி. எங்கள் ஊரில் நிக்காஹ் ஆண்கள் பக்கம் நடக்கும். பெண்கள் பக்கம் ஒரு டி.வி. வைத்து அதைக் காட்டுவார்கள். அதற்காகக் கல்யாண வீடியோ எடுப்பவரிடம் நீளமான ஒயர் உண்டு. சாச்சா போய் வாங்கிவந்தார். சுருளில் எந்தக் கல்யாணத்திலோ ஒட்டிய ஜிகினாத்தாள் அப்படியே இருந்தது.

உள்ளே பெரியம்மா சத்தம் போட்டாள். டி.வி.யைக் காலையிலேயே போர்வை போட்டு மூடியவள் அவள்தான். "மவுத்தான வூட்டுல டி.வி. போடறதா? ஊரு சிரிக்காதா?"

"நாப்பது நாளும் மூடியே வெய்யிக்கா. இன்னிக்கு அரை மணி நேரம் தொறந்துக்கறேன்" என்றாள் அம்மா.

முதலில் படம் கறுப்பு வெள்ளையில்தான் வந்தது. "இது போதும்ப்பா" என்றார் சாச்சா. எனக்குப் போதவில்லை. அரை மணி நேரம் மல்லுக்கட்டி, செட்டிங்கில் எதையோ மாற்றிக் கலரைக் கொண்டுவந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அட மடையா, அந்தக் கலரை விட்டுத் தொலைத்திருக்கலாம்.

அடுத்த இம்சை போன். போனையும் நெட்டையும் பிரிக்கிற சின்னப் பெட்டி இடியில் போயிருந்தது, நான் மாற்றவில்லை. மணி அடித்தால் நெட் அறுந்துவிடும். துபாயிலிருந்து ஒரு போன், மலேசியாவிலிருந்து ஒன்று, அரியலூரிலிருந்து ஒன்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மணி இரண்டு அடிக்கும்போது போன் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். என் செல்போன் காலையிலேயே சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.

"யாராச்சும் அவசரமா கூப்புட்டா?" என்றார் சாச்சா.

"இனிமே அவசரமா சொல்ல என்ன சாச்சா இருக்கு?"

மூன்று மணிக்குத் தொழுகை வந்தது. படம் நாலு விநாடி ஓடும், நின்றுவிடும். நான் உள்ளறை வாசலில் நின்று டி.வி.யைப் பார்த்தேன். கடமையான தொழுகை முடிந்ததும், இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகைக்கு அறிவித்தார்கள். மையத்துகளைச் சுமந்த சந்தாக்குகள் தோள்களில் போயின. அம்மா சட்டென்று கையை நீட்டினாள்.

"அந்தா, பச்சப் போர்வ! அவுங்கதான். யா அல்லாஹ், அவுங்களேதான்!"

இமாம் நாலு தக்பீர் சொல்லி முடிக்கும்வரை கையேந்தியபடி இருந்தாள். சேதி வந்ததிலிருந்து கல்லாக இருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து, அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

போன் ஒயரைத் திரும்பச் செருகினேன். உடனே மணி அடித்தது. அத்தாவின் அறைக்காரர்.

"என்ன தம்பி, ஒரு மணி நேரமா அடிச்சிக்கிட்டே இருக்கேன்! பேப்பர் இன்னும் கைக்கு வரல. ஆஸ்பத்திரியிலதான் இருக்கு மையத்து. அஸருக்குத்தான் தொழ வைப்பாங்க, அம்மாட்ட சொல்லிடுங்க."

"சரிங்க" என்றேன்.

அங்கே அஸர், அதாவது பிற்பகல் தொழுகை, என்றால் நமக்கு ஆறு மணிக்கு மேல். அந்நேரம் இங்கே மஃரிபுக்குப் பாங்கு சொல்லி, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். முன்ஹால் காலி. அம்மா நேராக வந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஒயரே வேண்டியிருக்காது. உள்ளறை வாசல்வரை போனேன். வாயைத் திறந்தபடி தூங்கினாள். எழுப்பி, நீ அழுதது வேறு யாருக்கோ என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பாசம் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம்தான் அது. திரும்பிவந்து மஞ்சள் முனையை உருவிப் போட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஆறோ ஏழோ சந்தாக்குகள் போயின. ஒன்றில்கூடப் பச்சை இல்லை. எந்தச் சந்தாக்கில் அத்தா இருந்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போதும் அழுகை வரவில்லை.

இத்தா முடியும்வரை, பார்க்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் அம்மா சொன்னாள். "எங்கண்ணால பாத்தேன். பச்சப் போர்வ போட்டு, ராஜா மாதிரி போனாங்க." கறுப்பு வெள்ளையிலேயே விட்டிருந்தால் அவளுக்குச் சொல்ல அது இருந்திருக்காது. ஒரு நாள் பெரியம்மா, "அவ்ளோ கூட்டத்துல எப்படிடி அடையாளம் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ வாசல்ல நின்னியேடா. சொல்லு."

"ஆமாம் பெரியம்மா" என்றேன். "பச்சதான்."