உட்கார்ந்து குடித்த முதல் தேத்தண்ணி

விரல் சுடும் பிளாஸ்டிக் கப்... அதற்குள் ஏலக்காய் மணக்கும் தேத்தண்ணி. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ரயில் தடதடவென்று போகும்.

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நாங்கள் பெண்கள் தேத்தண்ணி குடித்த இடம் அப்போது அதுதான். பாலத்துக்குக் கீழே, குளிரில், நின்றபடி.

யாரும் சட்டம் போடவில்லை. சாப்பாட்டுக் கடைகளில் இருந்தவர்கள் எல்லாம் தனியாக வந்து சேர்ந்த ஆண்கள். பெண்ணைக் கண்டால் கடைக்காரர் கேட்காமலே பார்சல் கட்டிவிடுவார். அதை மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பவளக்காவும் நானும் விடியற்காலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கிவிட்டு வருவோம். அக்காவுக்கு வயிற்றில் ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, சப்பாத்துக்குள் போகாது.

ஒரு நாள் கடைக்காரர் வழக்கம்போலப் பையை நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

“பார்சல் வேண்டாம் தம்பி. இருந்து குடிக்கப் போறம்.”

முழுக் கடையும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அக்கா நடுமேசையில் போய் இருந்தார். பக்கத்தில் நான், தலை நிமிராமல். ஊர் என்ன கதைக்கும், வீட்டில் என் மனுசன், இவர், என்ன சொல்வார் என்ற பயத்தில் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னமே செய்தி ஆர்ஜொந்தெய்க்குப் போய்விட்டது. இவர் வாசலிலேயே கேட்டார்.

“கடையிலை ஆம்பிளையளுக்கு நடுவிலை இருந்தனீராம்?”

“ஓம். அக்காவுக்குக் கால் நொந்தது,” என்றேன். பிறகு யோசித்துவிட்டு, “எனக்கும்தான்,” என்றேன்.

இரண்டு நாள் இவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் திரும்பவும் போய் இருந்தோம். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். இவர் பிறகு மறிக்கவில்லை. மனம் மாறினாரோ, அலுத்துப்போனாரோ... தெரியாது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன். கடையின் பெயர் மாறிவிட்டது. பிள்ளைவண்டிலோடு தாய்மார், பிரெஞ்சில் கதைத்துச் சிரிக்கிற பிள்ளைகள். அன்று முழுக் கடையும் எங்களைப் பார்த்தது. இப்போது ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். முழங்கால் வருத்தத்தால் அவர் தான் இருக்கும் ஓல்னேயை விட்டு வெளியே வருவதில்லை. அந்தக் கடையில் நிற்கிறேன் என்றதும், இருக்க இடம் கிடைத்ததா என்று கேட்டார்.

“இல்லையக்கா. எல்லாக் கதிரையிலையும் பொம்பிளையள். நான் நிண்டுகொண்டுதான் குடிக்கிறன்.”



“நில்லடி,” என்றார் அக்கா. “அவையள் ஆறுதலாக் குடிக்கட்டும்.”