லாட்ஜில் ஒரு பிறந்தநாள்

எனக்கு இருபத்தைந்து வயது முடிந்த வருடம் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. அப்போது தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கி, கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழிகள் இருவர். ஒருத்தி மதுரைக்குள்ளேயே இருந்த சௌராஷ்டிர வீட்டுப் பெண். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரலில் பேசுவாள். இன்னொருத்தி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் முடிவாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இப்படிச் சேர்ந்து இருக்க முடியாது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒன்றாக இருப்பது என்று முடிவு செய்தோம்.

எங்கே தங்குவது என்பதுதான் சிக்கல். என் ஹாஸ்டலில் வெளியாட்களை விடமாட்டார்கள். சௌராஷ்டிரத் தோழியின் வீடு இரண்டே அறை. அதில் எட்டுப் பேர். லாட்ஜில் ரூம் எடுப்போம் என்று நான்தான் சொன்னேன். உசிலம்பட்டித் தோழி தன் அப்பாவிடம் மறைக்காமல் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இனி எப்ப போகப்போற, போய்ட்டு வா" என்றாராம். இதை அவள் எங்களிடம் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருக்களில் முதலில் போன இரண்டு லாட்ஜிலும் தலையைக்கூட நிமிர்த்தாமல் ரூம் இல்லை என்றார்கள். மூன்றாவது லாட்ஜ் மேனேஜர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா."

"மூணு பேர் வந்திருக்கோமே சார், எங்க தனியா?" என்றேன்.

"ஆம்பளத் துணை இல்லேன்னா தனிதான்."

என் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவசரத்துக்கு ஒரு வீட்டு போன் நம்பர் வேண்டும் என்றார். மூன்று பேரில் போன் இருந்தது உசிலம்பட்டித் தோழியின் வீட்டில் மட்டும்தான். அவள் யோசிக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

அந்தச் சனிக்கிழமை நன்றாகவே போனது. சௌராஷ்டிரத் தோழியின் அம்மா கொடுத்துவிட்ட தக்காளிப் பொங்கலை மூவரும் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கேக் வெட்டக் கத்தி இல்லை. டிபன் பாக்ஸ் மூடியால் வெட்டினோம். மதியம் சினிமா பார்த்தோம். கல்யாணப் பெண்ணுக்கு வளையல் வாங்கினோம். வரப்போகும் மாப்பிள்ளை போனில் பேசும்போது தொண்டையைச் செருமுவதை அவள் செய்துகாட்டியபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்டினார்கள். டீ வருகிறது என்று நினைத்துத் திறந்தேன். உசிலம்பட்டித் தோழியின் அண்ணனும் தாய்மாமனும் நின்றார்கள். பின்னால் மேனேஜர்.

தாய்மாமன் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அங்கே எங்கள் மூன்று ஜோடிச் செருப்புதான் கிடந்தது. அவர் அப்படிக் குனிந்து எழுந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

"அப்பாட்ட சொல்லிட்டுத்தாண்ணே வந்தேன்" என்றாள் அவள்.

"அப்பா தெரியாதுங்கிறாரு. கெளம்பு" என்றான் அண்ணன்.

அவள் துணிகளைப் பைக்குள் திணித்தாள். வளையலை எடுக்கவில்லை.

மேனேஜர் என்னிடம் சமாதானம்போலச் சொன்னார்: "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கும்மா. மனசு கேக்கல. அதான் வீட்டுக்கு ஒரு வார்த்த சொன்னேன்."

அவர் சொன்ன ஒரு வார்த்தை இதுதான் என்று பிறகு தெரிந்தது: உங்க வீட்டுப் பொண்ணு லாட்ஜில் ரூம் போட்டிருக்கு. கூட இருப்பது இரண்டு பெண்கள் என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. போனை எடுத்தது அண்ணன். அவன் வீட்டில் கத்திய கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் கேட்டபோது அப்பா, தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

விஷயம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக அதிக நாள் ஆகவில்லை. அவர்கள் பேச வந்தார்கள். தங்கவே இல்லை என்று சொல்லிவிடு, முடிந்துவிடும் என்று எல்லோரும் அவளைக் கெஞ்சியிருக்கிறார்கள். அவள் கூடத்துக்கு வந்து, "தங்குனேன். எங்க அப்பாட்ட சொல்லிட்டுத்தான் போனேன்" என்றாளாம். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கல்யாணம் நின்றது.

இதைக் கேள்விப்பட்ட அன்று சாயங்காலம் நானும் சௌராஷ்டிரத் தோழியும் அந்த லாட்ஜுக்குப் போனோம். மேனேஜருக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. அது எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். ரூமுக்குக் காத்திருந்த நாலைந்து பேர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல் கத்தினேன்.

"நான் நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்" என்றார் அவர்.

அதுவரை சும்மா நின்ற சௌராஷ்டிரத் தோழி முன்னால் வந்தாள். "சார், ஒங்க வீட்டு நம்பரக் குடுங்க" என்றாள். அவளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"எதுக்கு?"

"நீங்க லாட்ஜுல இருக்கீங்கன்னு ஒங்க வீட்டம்மாட்ட சொல்லணும். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது மட்டும்தான்."

காத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மேனேஜர் எழுந்து நின்று எங்களை வெளியே போகச் சொன்னார். சௌராஷ்டிரத் தோழி நகரவில்லை. நம்பரை இன்னும் இரண்டு தடவை கேட்டாள். அவர் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வந்தோம். 

கல்யாணம் நின்றவள் வீட்டில் யாரோடும் அதிகம் பேசாமல் பி.எட். முடித்தாள். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். கூட வேலை பார்த்தவரையே பிறகு கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணன் வரவில்லை. அப்பாவை அவள் அழைக்கவில்லை.

அடுத்த வருடம் அவளுடைய அப்பா கப்பலூரில் என் கம்பெனி கேட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். வெயிலில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது எங்கிட்ட பேச மாட்டேங்குதும்மா. போன வச்சிருது. நீ சொன்னா கேக்கும்."

"என்னப்பா சொல்லணும்?"

"அப்பாவுக்கு அன்னைக்கு வாய் வரலன்னு சொல்லு. அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. நான் என்ன செய்ய?"

"தெரியும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா. நாந்தான் அனுப்புனேன்னு சொல்லியிருந்தா யாரு என்ன பேசியிருப்பா?"

 மேனேஜரை நேரிலும் தாய்மாமனை மனசுக்குள்ளும் திட்டித் தீர்த்த எனக்கு, இந்த மனிதரைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் கோபம் அவர்கள்மேல் இருந்ததைவிட இவர்மேல்தான் அதிகம் இருந்தது. அவர்களுக்கு அவளைத் தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. இவருக்கு எல்லாம் தெரியும்.

செக்யூரிட்டியிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். கடலைப் பையை நீட்டினார்.

"நான் சொல்ல மாட்டேம்ப்பா" என்றேன். "நீங்களே திண்டுக்கல்லுக்குப் போங்க. அவ வாசல்ல நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுங்க."

நீட்டிய பையை அவர் இழுத்துக்கொண்டார். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். அவர் திண்டுக்கல்லுக்குப் போகவே இல்லை.