ஆடிச் சீராக ஒரு தள்ளு கலப்பை

ஆடி பிறந்தால் அப்பா எனக்குச் சீர் கொண்டு வருவார். அந்த வருடம் என்ன புடவை வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார். புடவை வேண்டாம், மண்ணைக் கிளறுகிற இரும்புச் சாமான் ஒன்று வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். மனிதர் பயந்துபோய் மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு கோவில்பதாகைக்கு வந்துவிட்டார். பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார், பாவம்.

கலங்காமல் என்ன செய்யும்? யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கொட்டகையாகக் கட்டினார்கள், செங்கல் போதவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுக்க ஏரி வண்டல், வெண்ணெய் மாதிரி மண். சூளைக்காரர் ஒருவர் அதன்மேல் கண்வைத்து என் மாமனாரிடம் கேட்டுவிட்டார். ஆள் உயரத்துக்கு மண்ணை எடுத்த பிறகு அங்கே தோட்டமா வரும்? தவளைதான் வரும். எனக்கோ அந்த இடத்தில் வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் போட வேண்டும். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதே நினைப்பு. மாமனாரிடம் போய் நின்றேன்.

"மாமா, மண்ண குடுத்துடாதீங்க. நான் தோட்டம் போடறேன்."

"போடறேன் போடறேன்னு ரெண்டு வருசமா சொல்லிகினு கீற. பதினெட்டாம் பெருக்கன்னிக்கு உச்சி வேளைக்குள்ள வெத வுழட்டும். வுழுந்தா தோட்டம். இல்லன்னா சூள."

ஏர் பூட்டலாம் என்றால் கிணற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே மாடு திரும்ப இடமில்லை. கொத்துவதற்குக் கூலி ஆளும் இல்லை, எல்லோரும் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான். விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

அப்பா என்னைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனார். துரைமார் பங்களாக்களில் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கிச் சரிபண்ணி விற்கிற பாய் ஒருவர் அங்கே பட்டறை வைத்திருந்தார். அவரிடம் தள்ளு கலப்பை இரண்டு இருந்தன. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரும்புப் பல், பிடித்துத் தள்ள இரண்டு கைப்பிடி. ஒன்றுக்கு ஐந்து பல், பச்சை வர்ணம், அதில் இங்கிலீஷ் எழுத்து வேறு. எனக்குத் தமிழே படிக்கத் தெரியாது, ஆனாலும் அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். அவ்வளவு அழகு! இன்னொன்று மூன்று பல், துரு ஏறிக் கிடந்தது.

"இன்னாம்மா, பொண்ணு பாக்க வந்தா மாரி பாக்குற?" என்றார் பாய். "அஞ்சு பல்லு மணலுக்கு. உங்க ஊட்டாண்ட களிமண்ணு. மூணு போதும், அதுக்கே உன் தோள்பட்ட கழண்டுடும்."

"பச்ச நல்லா கீதே பாய்."

"பச்சயா உழும்? பல்லுதான் உழும்."

அப்பா சிரித்துவிட்டார். எனக்குக் கோபம். ஆனாலும் துருப்பிடித்ததையே எடுத்துக்கொண்டேன். என்னைத் தள்ளிப் பார்க்கச் சொல்லி, கைப்பிடி மார்புக்கு வருகிறது என்று மரையைக் கழற்றி இடுப்புக்கு இறக்கித் தந்தார் பாய். வண்டி ஏறும்போது ஒன்று சொன்னார்.

"ஈரமா இருக்கறப்ப தொடாத. ஒரு கை மண்ண உருண்ட புடிச்சி இடுப்பு ஒசரத்துலேர்ந்து போடு. ஒடஞ்சா ஓட்டு. ஒடயலன்னா ஊட்டுக்குள்ள போயி கம்முனு குந்து."

வீட்டுக்கு வந்த அன்றே மழை கொட்டியது. பெருக்குக்கு நான்கு நாள்தான் இருந்தது. மறுநாள் உருண்டை பிடித்துப் போட்டேன், கொழுக்கட்டை மாதிரி அப்படியே உட்கார்ந்தது. பாய் சொன்னது மறக்கவில்லை. ஆனால் கை நிற்க வேண்டுமே! கிணற்றோரமாக ஒரு பாத்தி அகலத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவுதானா என்று ஒரே குஷி.

அடுத்த நாள் வெயிலில் அந்தப் பாத்தி முழுக்க கட்டி கட்டியாக இறுகிவிட்டது. பல்லை வைத்தால் ணங்கென்கிறது. அந்த நேரம் பார்த்துச் சூளைக்காரர் வந்தார். வேலியைத் தாண்டி வந்து கட்டியைக் காலால் தட்டினார்.

"அண்ணாத்தே, உன் மருமவ எனக்கு கல்லு அறுத்தே வெச்சிகீது! நான் சுட்டா போதும்."

மாமனார் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

அப்புறம் நான் தொடவில்லை. காலையில் ஒரு உருண்டை, மாலையில் ஒரு உருண்டை. பதினேழாம் தேதி சாயங்காலமும் உருண்டை நசுங்கியதே தவிர உடையவில்லை. மேற்கே, திருநின்றவூர்ப் பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு மழை விழுந்தால் தீர்ந்தது கதை. நல்லவேளை, காற்று அடித்து மேகத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பெருக்கு அன்று விடிந்ததும் உருண்டையைப் போட்டேன். மூன்றாக உடைந்தது! சித்திரான்னமும் செய்யவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு அடி தள்ள வேண்டும், அரை அடி இழுக்க வேண்டும், மறுபடி தள்ள வேண்டும். மண் பொலபொலவென்று விரிந்தது. நடுவில் முருங்கை வேர் பல்லில் மாட்ட, கைப்பிடி எகிறி விலாவில் குத்தியது. மூச்சு நின்றேவிட்டது. மாமனார் கிணற்று மேடையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

வெயில் தலைக்கு ஏற ஏற, தெருவில் வண்டிச் சத்தம். சூளைக்காரர் இரண்டு வண்டியும் நான்கு ஆளுமாக வந்து நின்றார். எனக்கு இன்னும் கால்வாசி இடம் பாக்கி. உச்சிக்குள் ஓட்டி முடியாது என்று தெரிந்துவிட்டது. கலப்பையைப் போட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கீரை விதை முடிச்சை அவிழ்த்தேன். ஓட்டிய இடம், ஓட்டாத இடம் என்று பார்க்காமல் மணலோடு கலந்து வீசினேன். கீரை விதைதானே, தூவிவிட்டு மேலே கீறிவிட்டாலும் முளைக்கும். கிணற்றோரத்துக் கட்டிகள்மேல் மட்டும் வீசவில்லை. கல்லில் யார் விதைப்பார்கள்?

"இன்னா அண்ணாத்தே இது? உழாத மண்ணுல வெதய கொட்டி ஏமாத்துது!" என்று கத்தினார் சூளைக்காரர்.

மாமனார் எழுந்து வந்தார். குனிந்து, நான் ஓட்டாத இடத்தில் ஒரு கை மண் அள்ளி, நான் தினமும் செய்ததைப் போலவே உருண்டை பிடித்துக் கீழே போட்டார். உடைந்தது.

"வெத வுழுந்த மண்ணுல மம்பட்டி போட வுடமாட்டேன்" என்றார். பிறகு கிணற்றோரத்தைக் காட்டி, "அது வெத வுழாதது. அத்த எடுத்துக்கோ."

அவர்கள் கட்டிகளை அள்ளி, அதற்குக் கீழேயும் இடுப்பளவு வெட்டி வண்டியில் ஏற்றினார்கள். நான் மிச்சக் கால்வாசியைக் கீறிக்கொண்டே இருந்தேன். விலா வலித்தது, உள்ளங்கை இரண்டும் உரிந்து எரிந்தது. ஆனால் எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பொழுது சாய்ந்து என் வீட்டுக்காரர் வந்தார். வழக்கம்போல் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் தொபுக்கென்று பள்ளத்தில் இறங்கிவிட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அடியே! காலைல போறப்ப தர இங்கதான இருந்துச்சி?"