கடிக்காத சப்பாத்து

வெள்ளைக் காலுறையின் நுனியில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. சேறு என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் அதே கறை. மழையைத் திட்டிக்கொண்டு மறுபடியும் தேய்த்தேன். நாற்றம் வந்த பிறகுதான் காலுறையை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன்.

இடது பெருவிரலின் பக்கத்தில் தோல் போய்க் குழி விழுந்திருந்தது. அமுக்கிப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ள யாராவது இதை வாசித்தால், இந்த இடத்தில் என்னை நன்றாகத் திட்டிவிட்டு மேலே வாசியுங்கள்.

நான் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சீனி கூடிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கண்டியில் நடப்பதென்றால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. கூடப் படிப்பிக்கும் பர்ஸானா டீச்சர் மடவளைக்காரர். அவரும் சில பெண்களும் சனிக்கிழமை காலையில் சைக்கிள் ஓடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்.

முதல் நாள் சல்வாரோடு போனேன். பாலத்துக்குக் கிட்ட அதன் கால் சங்கிலியில் சிக்கி, பஸ் தரிப்பிடத்தில் நின்ற சனத்துக்கு முன்னால் பொத்தென்று விழுந்தேன். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர், "அக்கா, பஸ்ஸுலயே வந்திருக்கலாமே," என்றான். அடுத்த வாரம் கணவரின் பழைய காற்சட்டையை இறப்பர் பட்டியால் கட்டிக்கொண்டு போனேன். அதில் நான் மீன் விற்கப் போகிறவளைப் போல இருந்தேன்.

பர்ஸானா டீச்சர் தலையை மூடி, முழங்கால் வரை சட்டை போட்டு, அதற்குக் கீழே கறுப்பில் இறுக்கமான காற்சட்டை போடுவார். "தொங்குற உடுப்பு சைக்கிளுக்கு ஆகாது டீச்சர். இறுக்கமா ஈக்கணும். மேலால நீளமா ஒண்டப் போட்டா யாருக்கு என்ன?" என்றார்.

வாங்கினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது என் கணவர் ஜெரால்ட் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பார்த்தார்.

"சைக்கிள் ஓடப் போறியா, சர்க்கஸுக்குப் போறியா? புள்ளைங்களோட அம்மா அப்பா பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"டீச்சருக்கும் கால் இருக்குன்னு சொல்லுவாங்க," என்றேன். அன்றைக்கு இருந்தது.

மிச்சம் சப்பாத்துதான். மற்றப் பெண்கள் சைக்கிளுக்கென்றே செய்த, அடிப்பாகம் விறைப்பான சப்பாத்துப் போட்டிருந்தார்கள். நடக்கும்போது தரையில் டக் டக் என்று கேட்கும். எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் ஒரு வெறி. கண்டி டவுனில் வெளிநாட்டுப் பழைய சப்பாத்து விற்கும் கடையில் ஒரே ஒரு சோடி கிடைத்தது. என் அளவைவிட ஒன்று குறைவு.

"போட்டு நடந்து பாருங்க. கடிக்குதா?" என்றார் கடைக்காரர்.

கடைக்குள்ளேயே நடந்து பார்த்தேன். கடிக்கவில்லை.

"அப்ப ஒங்களுக்குன்னே செஞ்சதுதான்."

நானும் அப்படித்தான் நம்பினேன். புதிதாகப் போடும் எந்தச் சப்பாத்தும் முதல் நாள் கொஞ்சமாவது கடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாற்பத்தாறு வயதுக்காரிக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் மடவளை ஏற்றத்தில் முதல் முறையாக இறங்கித் தள்ளாமல் ஏறினேன். "இப்பத்தான் டீச்சர் சரியான சைக்கிள்காரி," என்று பின்னாலிருந்து பர்ஸானா டீச்சர் கத்தினார். கடைக் கண்ணாடி ஒன்றில் என்னைக் கண்டேன். கறுப்புக் காற்சட்டை, நீளச் சட்டை, அந்தச் சப்பாத்து. என் உடம்பு எனக்குப் பிடித்திருந்தது. கலியாணப் படத்தில்கூட எனக்கு அது பிடித்ததில்லை.

கறையைக் கண்ட பிறகும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஓடினேன். கால் வீங்கிக் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்து டாக்டர் கையில் ஒரு நைலோன் நூல் வைத்திருந்தார்.

"கண்ணை மூடுங்கோ. நான் பாதத்தைத் தொடேக்க சொல்லுங்கோ."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். தொடவே இல்லை. "எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்று கேட்டேன்.

"தொட்டு முடிஞ்சுது டீச்சர்."

நரம்பு மரத்துப்போயிருந்தது (சீனி கூடிக் கூடி, பாதத்தின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகள் செத்துப்போவது). சப்பாத்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கடித்திருக்கிறது. எனக்குத்தான் சேதி வரவில்லை. தினமும் காலைப் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் படம் ஒட்டியிருந்தார்கள். நானும் பார்த்தேன், படத்தை.

ஜெரால்ட், "நா அப்பவே சொன்னேன்," என்றார். அவர் சொன்னது காற்சட்டையைப் பற்றி. இருந்தாலும் சொன்னவர் சொன்னவர்தானே.

முதலில் பெருவிரலை எடுத்தார்கள். புண் ஆறவில்லை. பாதத்துக்குக் கறுப்பு ஏறியது (இரத்தம் போகாமல் தசை அழுகுவது). டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "இப்ப எடுத்தா முழங்கால் மிஞ்சும். பிந்தினா அதுவும் இல்லை." முதலுக்கே மோசம் என்றானதும் பேரம் பேசினேன். பாதியையாவது விடுங்கள் என்றேன். பாதிப் பாதம் ஆறாது என்றார். முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்தார்கள்.

பார்க்க வந்த எங்கள் தேவாலயப் பங்குப் பெண்மணி ஒருவர் கட்டிலருகே ஜெபித்து முடித்து, "அந்த இறுக்கக் காச்சட்டதான் ஆண்டவருக்குப் பிடிக்கல போல," என்றார். உடுப்பைப் பார்த்துக் காலை எடுப்பவர் ஆண்டவர் என்றால், காலையில் கண்டி வாவியைச் சுற்றி ஓடுகிறவர்களில் பாதிப் பேர் தவழ்ந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். சொல்லவில்லை. அழுதேன். அவர் அதை மனந்திரும்புதல் என்று எடுத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் கால் செய்யும் இடத்தில், போடப்போகும் சப்பாத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். குதியின் உயரத்துக்குத்தான் காலையே பொருத்துவார்களாம். இந்த முறை அளவு கூடிய கன்வஸ் சப்பாத்து வாங்கினேன். வலது பாதமும் பாதி மரத்ததுதான். சாயந்தரமானால் ஜெரால்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கலியாணமான புதிதில்கூட அவ்வளவு கவனமாக அவர் என்னைப் பார்த்ததில்லை.

பிறகு அது தொடங்கியது. ஒரு மத்தியானம் வகுப்பில் நிற்கும்போது இடது பெருவிரலைச் சப்பாத்து கடித்தது. விரல் மடங்கி, நகம் உள்ளே ஏறி, கண்ணில் நீர் வருமளவுக்கு வலி. குனிந்து பார்த்தால் பிளாஸ்டிக். இதற்கு மாயவலி (வெட்டி எடுத்த உறுப்பில் வரும் வலி) என்று பெயர்.

"கால் போனது மூளைக்கு இன்னும் தெரியாது," என்றார் டாக்டர்.

இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லாத கால், போன பிறகு பேசுகிறது. மடவளை ஏற்றத்தில் வந்திருக்க வேண்டிய வலி எனக்கு இப்போதுதான் வந்து சேர்கிறது. எத்தனை சனிக்கிழமைகள் பாக்கி என்று எனக்குத் தெரியாது.

மறுபடியும் சைக்கிள் ஓடுகிறேன். மெதுவாக, ஆற்றோரமாக. போன மாதம் வாவியைச் சுற்றி நீரிழிவு விழிப்புணர்வுக்காக ஒரு சைக்கிள் ஓட்டம் வைத்தார்கள். முன்னால் வரச் சொன்னார்கள். முதுகில் பெயர் அச்சடித்த, சைக்கிள்காரர்கள் போடும் அசல் சட்டை ஒன்று தந்தார்கள். இரண்டு காலோடு ஏற்றம் ஏறியபோது ஒருவரும் இப்படிக் கை தட்டியதில்லை.

ஏற்பாட்டாளர் படம் எடுக்க வந்து என் கறுப்புக் காற்சட்டையைப் பார்த்தார். "டீச்சர், எடது பக்கம் கொஞ்சம் மேல இழுத்து விடுங்க. கால் தெரியட்டும்."

இழுத்து விட்டேன். "சிரிங்க," என்றார். அந்த நேரம் பார்த்துச் சப்பாத்து கடித்தது. நிற்க முடியவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் நின்ற ஜெரால்டைக் கூப்பிட்டேன்.

"சப்பாத்த லூசாக்கி விடுங்க."

"வலதா?"

"எடது."

அவர் என்னைப் பார்த்தார். பிளாஸ்டிக் காலைப் பார்த்தார். படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பார் என்று நினைத்தேன். முழங்காலிட்டு, கன்வஸ் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, ஒரு துளை விட்டுத் தளர்த்தினார்.

"இப்ப சரியா?"

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.